பூங்காவின் பழைய கண்ணாடி மாளிகையைக் காப்பாற்ற வேண்டுமா? நாங்கள் போன வழி இது

எங்கள் ஊர்ப் பூங்காவில் விக்டோரியா காலத்துக் கண்ணாடி மாளிகை ஒன்று வேலி போட்டுப் பூட்டிக் கிடந்தது. அதை மீட்கக் கிளம்பிய குழுவில் நானும் இருக்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தால் இதே வரிசையில் போங்கள். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

படி 1. அது பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து (பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) தளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ஆனால் பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் இடிக்க முடியாதே தவிர, ஒழுகி ஒழுகி இரும்பு துருப்பிடிப்பதை அது தடுக்காது. தனியார் உரிமையாளருக்குப் 'பழுதுபார்' என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நோட்டீஸ் விடலாம். கவுன்சிலே உரிமையாளர் என்றால் தனக்குத்தானே விட முடியாது. அங்கேதான் மக்கள் குழு தேவைப்படுகிறது.

படி 2. குழு தொடங்குங்கள். தலைவர், பொருளாளர், வங்கிக் கணக்கு எல்லாம் சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரிந்ததுதான். பைலாவில் 'உபரிப் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள மாட்டோம்' என்ற வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும், அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 3. 2011-ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டப்படி 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதியச் சொல்லிக் கவுன்சிலில் விண்ணப்பியுங்கள். 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் உரிமையாளர் விற்க நினைத்தால், 6 வாரத்துக்குள் உங்கள் குழு விருப்பம் தெரிவித்து மொத்தம் 6 மாதம் விற்பனையை நிறுத்திவைக்கலாம்; ஆனால் அதற்குக் குழு அறக்கட்டளையாகவோ லாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவாகியிருக்க வேண்டும். (2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா இதை 12 மாதமாக்கச் சொன்னது, ஆகவே இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்தப் படியில்தான். அறக்கட்டளையாகவோ நிறுவனமாகவோ பதிவு செய்யாத குழு விண்ணப்பிக்கிறது என்றால் குறைந்தது 21 உறுப்பினர்கள் அந்தக் கவுன்சிலின், அல்லது பக்கத்துக் கவுன்சிலின், வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர்கள் போதுமான அளவு இருந்தன, ஆனால் சிலர் வீடு மாறிய பிறகு புதிய முகவரியில் பதிந்திருக்கவில்லை. அதனால் ஒரு 30 பேராவது சேருங்கள்; பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரையும் முகவரியையும் வாங்குங்கள். இதற்குக் காகிதப் படிவமும் அதை வைத்து எழுத ஓர் அட்டையும்தான் என் தேர்வு. இணைய மனுவில் ஊர் உலகமெல்லாம் கையெழுத்துப் போடும், இந்த 21-க்கு அது உதவாது.

'பழமையானது, அழகானது' என்று எழுதினாலும் போதாது. அந்த இடம் மக்களுக்கு இப்போதோ அண்மைக்காலத்திலோ பயன்பட்டதா என்பதுதான் கேள்வி. பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு இதைக் காட்டுவது கடினம், எனவே பள்ளிப் பிள்ளைகள் வந்தது, மலர்க் கண்காட்சி, கல்யாணம் என்று பழைய படங்களை அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, ஆண்டு குறித்து வையுங்கள்.

படி 4. பணம். லிவர்பூல் செஃப்டன் பூங்காவின் பாம் ஹவுஸ் என்ற கண்ணாடி மாளிகையைப் பாருங்கள். 1896-இல் திறந்தது, 1941 மே மாதக் குண்டுவீச்சில் கண்ணாடிகள் நொறுங்கின, பிறகு சீர்செய்தும் 1980-களில் ஆபத்து என்று மூடிவிட்டார்கள். 1992-இல் மக்கள் கூட்டம் போட்டு, மனு கொடுத்து, 'ஒரு கண்ணாடிக்கு ஒரு புரவலர்' என்று 35,000 பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். அந்தத் தொகையில் முழு வேலையும் நடக்காது, பகுதியளவு பழுதுபார்த்து 1993-இல் திறந்தார்கள். ஆனால் ஊர் தன் கையிலிருந்து கொடுத்ததைக் காட்டிய பிறகுதான் லாட்டரி நிதியும் (தேசிய லாட்டரி வருமானத்திலிருந்து பாரம்பரியப் பணிகளுக்குத் தருவது) ஐரோப்பிய நிதியும் வந்தன, 2001-இல் முழுதாகத் திறந்தது. அதனால் பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே சிறு தொகைகளைத் திரட்டத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: 'நான் இந்தியப் பாஸ்போர்ட், அந்த 21 பேரில் என் பெயர் செல்லுமா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செல்லும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இங்கே தங்க முறையான விசா இருந்தால் வாக்காளர் பட்டியலில் பதியலாம். முதலில் அதைப் பதிந்துவிட்டு, அப்புறம் குழுவின் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.