மேல், கீழ், மேல், கீழ்: எதிர்ஃபெர்ரோ காந்தங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்ஃபெர்ரோ காந்தம் என்றதும் ஓர் அம்பு மேலே, அடுத்தது கீழே என்ற படம்தான் நினைவுக்கு வரும். ஒவ்வோர் அம்பும் ஓர் அணுவின் ஸ்பின், அதாவது அந்தச் சிறு காந்தத்தின் திசை. இயற்பியலாளர் லூயி நீல் முன்வைத்த இந்தப் படத்துக்குச் சான்றும் உண்டு. 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடின் மேல் நியூட்ரான்களைச் செலுத்தி, அம்புகள் மாறி மாறி நிற்பதைக் காட்டினார்கள். ஆனால் அந்தப் படத்தையே மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட அடிநிலை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டே இரண்டு ஸ்பின்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அரை ஸ்பின்கள்: அளவு 1/2, அளந்தால் மேல் அல்லது கீழ் என்றே விடை வரும். அவற்றை எதிரெதிராக நிறுத்த முயலும் பரிமாற்ற வினையின் வலிமை ஜே. ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நிறுத்தினால் சராசரி ஆற்றல் −0.25 ஜே. ஆனால் ஹாமில்டோனியனில், அதாவது ஆற்றலுக்கான குவாண்டம் கோவையில், இரண்டின் திசைகளையும் ஒரே நேரத்தில் புரட்டும் ஓர் உறுப்பு இருக்கிறது. மேல்-கீழ் நிலை அதன் கையில் பட்டதும் கீழ்-மேல் ஆகிவிடும். ஆகவே அது ஐகன் நிலையே (ஹாமில்டோனியன் செயல்பட்டாலும் வேறு நிலையாக மாறாத நிலை) அல்ல. உண்மையான அடிநிலை, அந்த இரண்டையும் எதிர்க்குறியோடு சேர்த்த மேற்பொருந்துதல். அதன் ஆற்றல் −0.75 ஜே. அந்த நிலையில் எந்த ஸ்பினுக்கும் சராசரித் திசை என்று ஒன்று கிடையாது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். எத்தனை விளக்கம் படித்தாலும் இந்த நான்கு வரிக் கணக்குத் தரும் தெளிவு வராது.

படிகத்தில் ஒவ்வொரு ஸ்பினுக்கும் பல அண்டைகள். எல்லோருடனும் ஒரே நேரத்தில் அப்படி இணை சேர முடியாது, எனவே ஒரு சமரசம் ஏற்படுகிறது. அரை ஸ்பின் சதுரக் கட்டத்தில் ஒரு பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ −0.335 ஜே. மாறி மாறி நிற்கும் ஒழுங்கு தப்பிப் பிழைக்கிறது, ஆனால் அதன் அளவு 0.5லிருந்து சுமார் 0.307 ஆகக் குறைகிறது. படத்தின் வடிவம் சரி, அம்பின் நீளம்தான் தவறு.

இந்தக் குறைவைத்தான் குவாண்டம் ஏற்ற இறக்கம் என்கிறோம். பெயரைக் கேட்டதும் ஸ்பின்கள் ஓயாமல் துடிப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அது இரண்டாவது தவறு. அடிநிலையில் காலத்தோடு எதுவும் மாறுவதில்லை. ஒரு ஸ்பினை அளந்தால் எதிர்த்திசையும் கிடைக்க வாய்ப்புண்டு என்பதே பொருள். இது வெப்பத்தால் வருவதல்ல என்பதால், தனிச்சுழி வெப்பநிலை வரை குளிர்வித்தாலும் போகாது.

ஃபெர்ரோ காந்தத்தில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவருவது அடுத்தது. அங்கே எல்லா அம்பும் ஒரே பக்கம் நிற்கும் நிலை துல்லியமான ஐகன் நிலை. சுழியப் புள்ளி அலைவு, அதாவது மேலே சொன்ன குவாண்டம் ஏற்ற இறக்கம், கிடையாது. அம்புகளின் சாய்வு அலையாகப் பரவுவதே ஸ்பின் அலை; நீண்ட ஸ்பின் அலையின் ஆற்றல் அலை எண்ணின் இருமடிக்கு ஏற்ப உயரும். எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் அது ஒலி அலைபோல நேர்விகிதத்தில் உயரும். ஆய்வகத்தில் இதன் விளைவு பெரியது. முப்பரிமாணப் படிகத்தில் மேக்னான்கள் (ஸ்பின் அலையின் குவாண்டங்கள்) தரும் வெப்ப ஏற்புத்திறன் குறைந்த வெப்பநிலையில் வெப்பநிலையின் மும்மடியாக வளர்கிறது, ஃபோனான்களுடையதும் (படிக அதிர்வின் குவாண்டங்கள்) அப்படியே. வரைபடத்தின் சாய்வு முழுவதையும் ஃபோனான் கணக்கில் எழுதினால், படிக அதிர்வுகளின் அளவுகோலான டிபை வெப்பநிலை தவறாகவே வரும்.

திசைச்சார்பு, அதாவது ஸ்பின்கள் படிகத்தின் சில திசைகளை விரும்பும் போக்கு, இருந்தால் மேக்னான் ஆற்றலில் ஓர் இடைவெளி திறக்கும்: அதைவிடக் குறைந்த ஆற்றலில் மேக்னான் தோன்றாது. திசைச்சார்பு சிறியது, ஆகவே இடைவெளியும் சிறியது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது திசைச்சார்பையும் பரிமாற்றத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். மாங்கனீஸ் டைஃபுளோரைடில் திசைச்சார்புப் புலம் 1 டெஸ்லாவுக்கும் குறைவு, பரிமாற்றப் புலமோ 50 டெஸ்லாவுக்கு மேல். இரண்டும் சேர்ந்து, அதிர்வெண்ணாகச் சொன்னால், இடைவெளியைச் சுமார் 260 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகின்றன.

மெர்மின்–வாக்னர் தேற்றத்தை இரு பரிமாணத்தில் ஒழுங்கே இல்லை என்று படிப்பதும் வழக்கம். எல்லாத் திசையும் சமமாக உள்ள, குறுகிய வீச்சுப் பரிமாற்றம் கொண்ட அமைப்பில், தனிச்சுழிக்கு மேலான வெப்பநிலைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது.

கடைசியாக, ஸ்பின் அலைக் கோட்பாட்டை எங்கும் நம்புவது. 1952இல் ஆண்டர்சன் அதைக் கொண்டு சதுரக் கட்டத்தின் ஒழுங்குக்குப் பெற்ற விடை 0.303, மேலே சொன்ன 0.307க்கு வியப்பூட்டும் நெருக்கம். ஆனால் ஒரே வரிசையான சங்கிலியில் அதே கணக்கின் திருத்தம் முடிவிலிக்கு ஓடுகிறது. ஒழுங்கு இருப்பதாக நாம் தொடங்கிய அனுமானமே அங்கே செல்லாது என்பதன் அறிகுறி அது. அரை ஸ்பின் சங்கிலிக்கு பெத்தே 1931இலேயே துல்லியத் தீர்வு தந்திருந்தார். அங்கே கிளர்வுகள் (அடிநிலைக்கு மேலே எழும் நிலைகள்) மேக்னான்கள் அல்ல, அரை ஸ்பின் சுமக்கும் ஸ்பினான்கள். அவை இரண்டிரண்டாகவே தோன்றும். முழு எண் ஸ்பின் சங்கிலி இன்னும் வேறு. திசைச்சார்பு சிறிதும் இல்லாமலேயே அதில் இடைவெளி உண்டு என்று 1983இல் ஹால்டேன் கணித்தார். ஸ்பின் 1 சங்கிலிக்கு அதன் அளவு சுமார் 0.41 ஜே.