ரக்கூன் கிளறாமல் வீட்டுக் குப்பையை வைப்பது எப்படி? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டில், முதல் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறி வைத்தோம். குப்பை லொறி வியாழக்கிழமைதான் வரும், அதுவரைக்கும் நண்டுக் கோதையும் மீன் குடலையும் குசினிக்குள் வைத்திருக்க முடியாது என்று ஒரு கடைப் பையில் போட்டு இறுக்கி முடிந்து பின்கதவுப் படியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் கோது படியிலிருந்து தெரு வரைக்கும் சிதறிக் கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் கார் பொனற்றில் சின்னப் பிள்ளை கையை எண்ணெயில் தோய்த்து வைத்ததுபோல் ஐந்து விரல் தடங்கள். பையைக் கிழித்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

அந்த முடிச்சைப் பார்த்த பிறகுதான் இது நாய், பூனை விஷயம் இல்லை, இரவில் குப்பை தேடி வரும் ரக்கூன் என்ற காட்டு விலங்கின் வேலை என்று விளங்கியது. ரக்கூனின் முன்னங்கால்கள் கை மாதிரி. இருட்டில் கண்ணை விட அந்த விரல்களைத்தான் அது நம்பும், தடவித் தடவியே எது தின்னக்கூடியது என்று கண்டுபிடிக்கும். நம்மைப் போலக் கட்டைவிரலை மடக்கிப் பிடிக்க மட்டும் அதற்கு வராது. மாநகரம் தரும் சமையல் கழிவுத் தொட்டியின் பூட்டு அந்த ஒரு குறையை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. எதை எந்தத் தொட்டியில் போடுவது

புதிதாக வந்தவர்கள் பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள். ரொறன்ரோவில் சமையல் கழிவுக்கான கிறீன் பின்னை வாரம் ஒருமுறை எடுப்பார்கள். மற்றக் குப்பைக்கான தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், அதில் பூட்டும் கிடையாது. கோழித் தோலை அந்தத் தொட்டியில் போட்டால் பதினாலு நாள் பூட்டில்லாத பெட்டிக்குள் கிடந்து அழுகும், ரக்கூனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மீன், இறைச்சி, எலும்பு, மிஞ்சின சோறு, பிள்ளையின் டயப்பர் எல்லாமே கிறீன் பின்னுக்குத்தான். சாதாரண பிளாஸ்ரிக் பையில் கட்டியே போடலாம், இந்த நகரத்தில் அதற்கு அனுமதி உண்டு.

மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போகும் ரின் மீன் டப்பா, தயிர் டப்பா எல்லாவற்றையும் ஒரு தரம் கழுவிப் போடுங்கள்.

2. மணத்தை நிறுத்துங்கள்

எனக்குத் தெரிந்த வழிகளில் மிகவும் பலன் தந்தது இதுதான், செலவும் இல்லை. மீன் வெட்டின அன்றைக்கே செதில், குடல், இறால் தலை, நண்டுக் கோது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, முடிந்து, அதை இன்னொரு பைக்குள் வைத்து பிறீசருக்குள் தள்ளிவிடுங்கள். லொறி வரும் நாள் காலையில் கல்லாக உறைந்த பொட்டலத்தை எடுத்து நேரே கிறீன் பின்னுக்குள் போட்டால் மணக்க நேரமே கிடைக்காது. பிறீசருக்குள் குப்பையா என்று முதலில் என் மனைவி முகம் சுளித்தார். நியாயம்தான். மூடி இறுக்கமான பழைய ஐஸ்கிறீம் வாளி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கின பிறகு ஒத்துக்கொண்டார். மீன், இறைச்சியை மட்டும் இப்படி வைத்தால் போதும். வெங்காயத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் இந்தப் பாடு தேவையில்லை.

தொட்டியை வெறுமையாக்கின பிறகு அடியில் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீரையும் மறக்கக்கூடாது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டுத் தேய்த்து வெயிலில் காய வையுங்கள். சிலர் அமோனியா தெளிப்பார்கள், சிலர் பிளீச் ஊற்றுவார்கள். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், அதிலிருந்து கிளம்புவது நச்சு வாயு, உங்கள் நுரையீரலுக்குத்தான் ஆபத்து.

3. பூட்டைச் சரியாகப் போடுங்கள்

2016இல் மாநகரம் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கின 100 லீற்றர் கிறீன் பின்னின் மூடியில், கையால் திருப்பும் ஒரு பிடி இருக்கும். மூடியை ஒரு கையால் கீழே அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் பிடியைக் கடைசி வரைக்கும் திருப்புங்கள். அப்புறம் மூடியின் விளிம்பைப் பிடித்து ஒரு தரம் மேலே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். தொட்டியை வழிய வழிய நிரப்பினால் மூடி முழுதாக அமராது, பூட்டும் பிடிக்காது. லொறியின் இயந்திரக் கை தொட்டியைக் கவிழ்க்கும்போது பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், அதனால் தெருவோரத்திலும் பூட்டியே வையுங்கள்.

இந்தத் தொட்டியையும் சரித்து விழுத்தித் திறந்த ரக்கூன்கள் உண்டு. ஆகவே அதைச் சுவர் மூலையில் ஒட்டி நிறுத்துங்கள், முடிந்தால் கராஜுக்குள் வையுங்கள். இரண்டு முனையிலும் கொளுக்கி உள்ள றப்பர் கயிற்றால் வேலியோடு சேர்த்துக் கட்டினால் விழாது. பூட்டில்லாத குப்பைத் தொட்டிக்கும் அதே கயிற்றை மூடிக்கு மேலால் போட்டுக் கட்டலாம். லொறி வரும் நாளில் கயிற்றைக் கழற்ற மறக்காதீர்கள், மறந்தால் உங்கள் குப்பை அப்படியே நின்றுவிடும். பூட்டு உடைந்தால் மாநகரத்தின் தொலைபேசி எண்ணான 311க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

4. காலையில் வையுங்கள்

தொட்டியைக் காலை 7 மணிக்கு முன் தெருவோரம் வைக்க வேண்டும் என்பது விதி. முந்தின இரவே வைத்தால் முழு இரவும் ரக்கூனுக்குக் கிடைக்கிறது, அது வெளிக்கிடுவதே பொழுதுபட்ட பிறகுதான். முடிந்தவர்கள் ஆறரைக்கு எழுந்து வையுங்கள். இரவு வேலை செய்பவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும், அவர்கள் மூன்றாவது படியில் சொன்னதை இன்னும் கவனமாகச் செய்யவேண்டும். பேஸ்மென்டில் குடியிருந்தால், யார் எந்த நாள் வைப்பது என்று மேல்வீட்டுக்காரரோடு முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டு மாதமும் "அவர்கள் வைப்பார்கள்" என்று இரண்டு பக்கமும் நினைத்து விட்டோம்.

5. முற்றத்தில் சாப்பாடு வைக்காதீர்கள்

2023 முதல் ரொறன்ரோவில் காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பதற்குத் தடை உண்டு. வெளியே பூனைக்கு வைக்கும் கிண்ணம், பார்பிக்யூ அடுப்பில் ஒட்டின கொழுப்பு, மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழம் எல்லாம் ரக்கூனுக்கும் சாப்பாடுதான். விரத நாளில் காகத்துக்கென்று வைக்கிற சோற்றையும் இதில் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. என் அம்மா ஊரில் செய்ததுபோலவே இங்கும் பின் தளத்தில் இலையில் வைப்பார், இரவானால் அதே இலைக்கு ரக்கூன் வந்துவிடும். இப்போது படைத்துக் கும்பிட்டு முடிந்ததும் இலையை உள்ளே எடுத்துவிடுகிறார்.

செய்யக் கூடாதவை

நம் ஆட்கள் முதலில் சொல்லும் யோசனை மிளகாய்த்தூள். ஒரு மழைக்கு அது கழுவுப்பட்டுப் போய்விடும், அதற்குள் பக்கத்து வீட்டு நாயின் மூக்கிலும் உங்கள் பிள்ளையின் கண்ணிலும் பட்டுவிடலாம். நஞ்சு வைப்பது குற்றம், அதை நினைக்கவே வேண்டாம்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடுவதும் ஒன்ராறியோவில் சட்டப்படி சரியில்லை, பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள், 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். இளவேனிலில் பிடிபடுவது பெரும்பாலும் குட்டி போட்ட தாயாக இருக்கும். அதைக் கொண்டுபோனால் குட்டிகள் ஏதோ ஒரு கூரைக்குள் கிடந்து பட்டினியால் செத்துவிடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும் பழக்கம் உள்ளது. அந்த எச்சத்தில் மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒரு உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். வெளியே வந்த புதிதில் அந்த முட்டை தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். எனவே கண்ட உடனே கையுறையும் முகமூடியும் போட்டு அள்ளி, அந்த இடத்தில் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தள்ளாடுகிற, மனிதரைக் கண்டும் விலகாத ரக்கூனைக் கண்டால் கிட்டப் போகாமல் 311க்குச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், விசர்நோய் வந்த பிறகு காப்பாற்றுவது மிகவும் அரிது.

இவ்வளவும் செய்தாலும் முதல் சில இரவுகள் அது வரும். பழைய நினைவில் வந்து தடவிப் பார்க்கும், மூடியில் மண் கைத்தடம் இருக்கும். அதைக் கண்டு மனம் விடவேண்டாம், ஒன்றும் கிடைக்காத இடத்துக்கு அது எத்தனை நாள்தான் வரும்? எங்கள் வீட்டில் மூன்றாவது கிழமை தடம் நின்றது.