ஊசி போடும் வீட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு

என் மகனுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்தான். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்தது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது அவனுக்குப் பதினொன்று. டிஸ்சார்ஜ் ஆகி, கையில் ஊசியும் சுகர் பார்க்கும் மீட்டருமாகத் திகைத்து நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பழி போடுவதை நிறுத்துங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வரும் நோய் இது. மிட்டாய் தின்று வந்ததில்லை. "நீதான் சாக்லேட் குடுத்துக் கெடுத்த" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போனேன். இப்போது காலையில் பேரனுக்கு விரலில் குத்தி சுகர் பார்ப்பதே அத்தைதான். ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுக்கச் சொல்பவர்களும் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு நாள்கூட இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

ஊசி போட அப்பா, அம்மா இருவருமே கற்றுக்கொள்ள வேண்டும். நான் காய்ச்சலில் படுத்த அன்றுதான் என் கணவர் முதல்முறை போட்டார், கை நடுங்க நடுங்க. இன்சுலின் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று வகை உண்டு. 40 யூனிட் மருந்துக்கு 40 என்று போட்ட சிரிஞ்சுதான். 100 யூனிட் மருந்தை அதில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். திறக்காத இன்சுலின் பிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துவிட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. இதை ஒரு தாளில் எழுதி டீச்சரிடமும், பி.டி. சாரிடமும், ஆட்டோ அண்ணனிடமும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

அப்புறம், எண்கள். இதில் நான் பெரிய தப்பு செய்தேன். பள்ளிவிட்டு வந்ததும் "சுகர் எவ்வளவு?" என்பதுதான் என் முதல் கேள்வி. 280 என்றால் என் முகம் மாறிவிடும். ஒருநாள் மீட்டரின் பழைய கணக்கைப் பார்த்தால், நோட்டில் அவன் எழுதியிருந்த 120, 130 எதுவுமே அதில் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை என் முகத்துக்குப் பயந்து பொய் எழுதியிருக்கிறான். அன்று நெடுநேரம் அழுதேன். இப்போது எங்கள் வீட்டில் நல்ல சுகர், கெட்ட சுகர் கிடையாது. 280 என்றால், "சரி, என்ன சாப்பிட்ட, எத்தனை யூனிட் போட்டோம்?" அவ்வளவுதான். அதுவும், அன்றைக்கு என்ன விளையாடினான் என்று கேட்ட பிறகுதான்.

தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் அதே இட்லி, அவனுக்கு எண்ணி.

மூத்தவளை நாங்கள் கவனிக்கவே இல்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சமர்த்து, தொந்தரவே தரமாட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி, தம்பிக்கு விரலில் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து கேட்டாள்: "எனக்கும் சுகர் வந்தா என்கூடயும் உக்காருவியாம்மா?"

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினோம். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் தலையில் கட்டுவதில்லை. அவனுக்கு சுகர் இறங்கினால் பெரியவர்களைக் கூப்பிட மட்டும் தெரிந்தால் போதும். ஞாயிறு சாயங்காலம் அவளும் நானும் மட்டும் வெளியே போகிறோம். பஜ்ஜி, நூலகம், சில நாள் சும்மா நடை. மீட்டரும் என் போனும் அவள் அப்பாவிடம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரம் தம்பியைப் பற்றி அவளாகப் பேசினால்தான் உண்டு.