பி.பி.ஏ. சேரப் போகிறீர்களா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவர்) இருக்கிறேன். படித்தது பி.பி.ஏ. (வணிக நிர்வாக இளநிலைப் பட்டம்). அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள். "பையனுக்குக் கணக்கு வராது, அதான் பி.பி.ஏ. போடலாம்னு இருக்கோம்." அங்கேதான் சிக்கலே, பி.பி.ஏ.விலும் கணக்கு உண்டு.

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ், ஆங்கிலத்தோடு அக்கவுண்ட்ஸ் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அப்புறம் புள்ளியியல், காஸ்டிங் (செலவுக் கணக்கு), ஃபைனான்ஸ். காமர்ஸ் குரூப்பில் வந்தவர்கள் ஜர்னல், லெட்ஜர் என்று மளமளவென்று போடுவார்கள். பயாலஜி குரூப்பில் வந்தவர்கள் எது டெபிட், எது கிரெடிட் என்று முழிப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, ஒரே வினாத்தாள். நீங்கள் இரண்டாவது வகை என்றால், இந்த விடுமுறையிலேயே தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுங்கள். இணையத்தில் இலவசம். இருப்பாய்வு (டெபிட், கிரெடிட் இரண்டும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) வரைக்கும் நோட்டில் போட்டுப் பாருங்கள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் டேலி ஆகாதபோதுதான் விஷயம் தெரியும்.

மேனேஜ்மென்ட் பாடங்களுக்குப் பயப்பட வேண்டாம். நிர்வாகத்துக்கு ஃபேயோல் சொன்ன 14 கோட்பாடுகள், மனிதத் தேவைகளை மாஸ்லோ அடுக்கிய படிநிலை எல்லாம் மனதில் நிற்கும். பிசினஸ் லா எனக்குப் பிடித்த பாடம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கிய மைனர் ஒருவரின் வழக்கில் வந்த, மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்ற 1903 மோகிரி பீபி தீர்ப்பைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காமல், கடன் கொடுத்தவர் பக்கம் நின்றும் யோசித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

இன்டர்ன்ஷிப்பைச் சான்றிதழுக்காக முடிக்காதீர்கள். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கி பைண்டிங் போடுபவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு. அதைவிட, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருங்கள். பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20க்குள் 3பி என்ற வரிக் கணக்கு தாக்கல் செய்ய அவர்கள் படும் பாடு, இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கள் கம்பெனிக்கு இன்டர்வியூ வரும் ஃப்ரெஷர்களிடம் கேட்பது இதைத்தான். ஃபேயோலை யாரும் கேட்பதில்லை, பாவம்.

எம்.பி.ஏ. எண்ணம் இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்குக் கடைசி வருடத்திலேயே தயாராகலாம். சி.ஏ.தான் குறி என்றால், என்னைக் கேட்டால் பி.காம். எடுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2024-25 முதல் பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) கீழ் வந்திருக்கிறது. அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். டேலியை லேபில் சொல்லித் தருகிறார்களா, போர்டில் எழுதிப் போடுகிறார்களா என்பதை ஆபீஸில் கேட்காதீர்கள். கேன்டீனில் சீனியர்களிடம் கேளுங்கள்.