மோனேயின் நான்கு மரங்களை வடதுருவத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், மின்விசிறியை மூன்றில் வைத்துக்கொண்டு, வடதுருவப் பனியை வரையப் போகிறோம். பனியை நேரில் பார்க்காதவர்களுக்கு இது சரிப்பட்டு வருமா என்றால், தாராளமாக வரும். நல்ல மூல ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பையும் வெளிச்சத்தையும் தொடாமல், பொருள்களை மட்டும் மாற்றினால் போதும். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளிச்சத்தை மறந்துவிட்டு பனிக்கரடி, பெங்குவின், வானத்தில் பச்சை ஒளி என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். (பெங்குவின் தென்கோடியில் வாழ்வது. வடதுருவப் படத்தில் அதற்கு வேலையில்லை.)

முதல் வேலை, ஓவியத்தைத் தேர்ந்தெடுப்பது. ஆரம்பநிலைக்கு நான் சொல்வது பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1891இல் வரைந்த ‘நான்கு மரங்கள்’. கிட்டத்தட்டச் சதுரமான படம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங்குத்தாக நான்கு அடிமரங்கள், உச்சி தெரியாமல் மேல் விளிம்பில் வெட்டுப்படும். குறுக்கே கரை, கீழே தண்ணீரில் அவற்றின் பிம்பம், பின்னால் வளைந்து போகும் மர வரிசை. அவ்வளவுதான். நேர்கோடு போடத் தெரிந்தவர்கள் துணிந்து இறங்கலாம். மோனே 1926இல் இறந்துவிட்டார், அதனால் காப்புரிமைத் தொல்லை இல்லை. அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்திலேயே பெரிய படமாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்த மரங்களுக்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் எப்த் ஆற்றோரம் நின்ற பாப்லர் மரங்களை மோனே அந்த ஆண்டு தொடராக வரைந்துகொண்டிருந்தார். நடுவில் அவை ஏலத்துக்கு வந்தன. வெட்டிவிடுவார்களே என்று ஒரு மரவியாபாரியிடம் பேசி, தன் பங்குக்குப் பணம் கொடுத்து, வரைந்து முடியும்வரை அவற்றை நிற்கவைத்தார். மறுநடவுக்காகப் பால்மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், மளமளவென்று சாய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். நம் படத்தின் கற்பனையும் இங்கிருந்துதான் வரப்போகிறது.

அடுத்து, கைப்பேசியில் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எது கருமை, எது நடுத்தரம், எது வெளிச்சம் என்று உள்ளங்கை அகலத்தில் பென்சிலால் மூன்றே சாயலில் கிறுக்கிக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். கடைசிவரை இந்தச் சின்னக் கிறுக்கலைத்தான் மேசையில் பக்கத்திலேயே வைத்திருக்கப் போகிறோம்.

இப்போது எதை மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும். என் கருத்து: நடக்கவே முடியாத விஷயம் ஒன்று போதும், மற்றதெல்லாம் நம்பும்படி இருக்க வேண்டும். நான்கு மரங்களின் இடத்தில் பனியைப் பிளந்துகொண்டு நிற்கும் நான்கு நார்வால் கொம்புகளை வைக்கலாம். நார்வால் என்பது வடதுருவக் கடலில் வாழும் திமிங்கிலம். கொம்பு என்று சொன்னாலும் அது உண்மையில் பல்தான்; மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு நேராக நீளும், 3 மீட்டர்வரைகூட வளரும். ஆனால் தண்ணீரில் விழும் பிம்பத்தில் கொம்பு தெரியக்கூடாது. அங்கே பால்மரங்கள் நிற்கட்டும், பட்டையில் பால் வெட்டிய கோடும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கும் உட்பட. மேலே பல், கீழே மரம். இதுதான் படத்தின் ஒரே பொய்.

ஏன் பால்மரம் என்றால், சும்மா ஊர்ப்பாசம் மட்டும் இல்லை. நார்வால் கொம்பில் திருகு வரிகள் உண்டு, அவை எப்போதும் இடப்புறத் திருகு. செங்குத்தாக நிறுத்தி முன்னால் இருந்து பார்த்தால் வரிகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரியும். பால்மரத்தில் வெட்டும் கோடும் அதே சரிவுதான், இடது மேலே, வலது கீழே. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றுச் சாய்ந்திருப்பதால், அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆக, இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று ஜாடையில் பொருந்துகின்றன, பார்ப்பவரின் கண் சண்டை போடாமல் மேலிருந்து கீழே இறங்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பிம்பம் தலைகீழ் என்பதால் தண்ணீருக்குள் அந்தக் கோடு இடது கீழிருந்து வலது மேலாக ஏறும், மங்கும் கவிழ்ந்து தெரியும். அதை நேராக வரைந்தால் அது பிம்பமாகவே தெரியாது.

பொருள்கள் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 300 கிராம் தடிமன் தாளில் 28 சென்டிமீட்டர் சதுரம், நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப், மாணவர்களுக்கான அக்ரிலிக் வண்ணங்களில் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், மஞ்சள், ரோஸ், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. ஒரு தட்டை பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ். கறுப்பு வாங்கவே வேண்டாம். விசிறிக் காற்றில் அக்ரிலிக் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துபோகும். மூடியுள்ள உணவு டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, அதன்மேல் கேக் சுடும் தாளை வைத்து அதில் வண்ணம் கலந்தால் மறுநாள்வரைகூடத் தாங்கும்.

தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை. ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரை உறையவைத்து, கட்டியை வெளியே எடுத்து, சன்னலோரம் வைத்துப் பாருங்கள். நடுவில் காற்றுக்குமிழ் மாட்டிய இடம் மட்டும் பால்போல மங்கலாக இருக்கும், ஓரங்கள் கண்ணாடி. உருகும் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு, அதை ஒட்டியே கருநிழல். வெள்ளை எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தீர்களா? பெரிய பனிப்பாறைகளில் பனிக்கட்டி சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்வதால் நீலம் வெளியே வரும். பனி என்றால் வெள்ளை என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

சரி, வண்ணம். மஞ்சள், ரோஸ், நிறைய வெள்ளை, தண்ணீர் சேர்த்து ஒரு மெல்லிய பீச் நிறத்தைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். இதுதான் நம் சூரியன். நமக்குப் பழக்கமான நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் அடிக்கும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். வடதுருவத்திலோ கோடையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23.5 பாகைக்கு மேல் ஏறாது. வெளிச்சம் பக்கவாட்டில் வரும், நிழல்கள் நீளமாகக் கிடக்கும். காய்ந்த பிறகு பென்சிலால் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, மோனேயின் மரங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றனவோ அங்கேயே கொம்புகளை நிறுத்துங்கள். மரத்தின் அகலமே கொம்பின் அகலம்.

வானத்தையும் பின்வரிசையையும் தட்டை பிரஷ்ஷால் சின்னச் சின்ன வீச்சுகளாக வையுங்கள். தேய்க்காதீர்கள், வீச்சுகளுக்கு நடுவே அந்தப் பீச் நிறம் எட்டிப் பார்க்க வேண்டும், நீலத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் சூடாகத் தெரியும். பின்னால் வளையும் மர வரிசையைப் பனிமுகடுகளாக்கி, அடியில் ஒரு விரற்கடை வெளிர்நிறக் கோடு விட்டால் அவை வானத்தில் மிதக்கும். இது கற்பனையே இல்லை. குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று படியும்போது வடதுருவத்தில் உண்மையாகவே இப்படிக் கானல் தெரியும். பச்சைத் துருவ ஒளியைச் சேர்க்க ஆசையாக இருக்கும், வேண்டாம். அதற்கு வானம் இருண்டிருக்க வேண்டும், நம் படத்தில் வெயில் இருக்கிறது.

கொம்புகளுக்கு அல்ட்ராமரின், துளி ரோஸ், வெள்ளை கலந்த ஊதா நிழல் ஒரு பக்கம், மஞ்சள் கலந்த வெளிர்நிறம் மறுபக்கம். திருகு வரிகளை மெல்லிய பிரஷ்ஷால், மேலே போகப்போக நெருக்கமாக இழுங்கள். கரையில் ஒவ்வொரு கொம்பின் நிழலும் ஒரே பக்கமாக நீளட்டும்.

தண்ணீர்தான் பொறுமையைச் சோதிக்கும். அல்ட்ராமரினும் செம்பழுப்பும் கலந்தால் கறுப்பை விட அழகான கருமை கிடைக்கும். அதில் பால்மரத் தண்டுகளைக் கொம்பின் அடியோடு மிகச்சரியாகச் சேர்த்துக் கீழ்நோக்கி இறக்குங்கள். ஒரு நூல் விலகினாலும் அது பிம்பம் இல்லை, வேறு மரம் ஆகிவிடும். அப்புறம் படுக்கைவாக்கில் வீச்சுகளைப் போட்டுத் தண்டை அங்கங்கே உடையுங்கள். வெட்டுக்கோட்டில் பால் வழியும் இடத்துக்கு மட்டும் கலப்படமில்லாத வெள்ளை. படத்தில் சுத்த வெள்ளை வரும் முதல் இடம் இதுதான்; கொம்புகளின் வெயில் விளிம்பில் நாலைந்து புள்ளி வைத்ததும் வெள்ளை டியூபை மூடிவிடுங்கள்.

கடைசியாக மறுபடியும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்து ஆரம்பக் கிறுக்கலோடு ஒப்பிடுங்கள். கருமை வெளிச்சம் இடம் மாறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல மெதுவாகச் சாய்த்து உரிக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் நன்றாகக் காயாத படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால் இரண்டு நாள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் எடுத்து வையுங்கள்.