நோட்டைத் திருத்துவது வேறு, எழுதக் கற்றுத்தருவது வேறு

கட்டுரை நோட்டைத் திறக்கிறோம். இரண்டாம் வரியில் ஒற்றுப்பிழை. ஐந்தாம் வரியில் ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’. எட்டாம் வரி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வட்டம், கோடு, மறுபடி வட்டம். கடைசியில் ‘கவனம் தேவை’ என்று எழுதி, பத்துக்கு ஐந்தரை போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். பல வருடம் நானும் இதைத்தான் செய்தேன். எழுதக் கற்றுத்தருகிறேன் என்று நம்பிக்கொண்டும் இருந்தேன். உண்மையில் நடந்தது பரிசோதனை மட்டும்தான். பிள்ளை எழுதித் திணறிய நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு சிவப்புப் பேனாவோடு வந்து சேர்ந்தேன்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தத் தவறுக்கு விலை அதிகம். பதினொன்றிலிருந்து பதினாலு வயது வரை சொல்ல நிறைய விஷயம் சேர்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவானோ என்ற பயமும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். தெரிந்த சொல்லை மட்டும் போட்டு, வாக்கியத்தைக் குட்டையாக முடித்துக்கொண்டால் வட்டங்கள் குறையும் என்பதை இரண்டு மூன்று கட்டுரையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிழை குறைந்ததைப் பார்த்து நாமும் முன்னேற்றம் என்று மகிழ்ந்துபோவோம். எழுத்து சுருங்கியது நம் கண்ணில் படாது.

அதற்காகப் பிழையைத் திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தக் கூடாது. ஒரு பக்கத்தில் முப்பது வட்டங்களைப் பார்க்கும் பிள்ளை அவற்றில் ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை, நோட்டை மூடிவிடுகிறது. இந்த வாரம் மயங்கொலிப் பிழை (ர, ற போல ஒலி ஒத்த எழுத்துகளை மாற்றிப் போடுவது) மட்டும், அடுத்த வாரம் வாக்கியம் எங்கே முடிகிறது என்பது மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளையே தன் பக்கத்தில் அதைத் தேட ஆரம்பிக்கும்.

மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே இடத்தில் இருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. இது ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்ததுதான். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988ல் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்தார். ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை மேம்பட்டார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். அந்தச் சோதனை கட்டுரையை வைத்து நடந்ததல்ல. ஆனாலும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வகுப்பைக் கவனித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், திருத்தி எழுதிய பிறகு போடலாம்.

தலைப்பிலேயே தவறு தொடங்கிவிடுகிறது

‘நேரத்தின் அருமை’, ‘இயற்கையின் கொடை’, ‘உழைப்பே உயர்வு’. இப்படிப்பட்ட தலைப்புகளில் ஒரு பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கும்? பெரியவர்களுக்கே ஒன்றும் இருக்காது. அதனால் எங்கோ படித்த முன்னுரை, யாரோ சொன்ன பழமொழி, ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று ஆரம்பிக்கும் முடிவுரை. இணையத்திலிருந்து எடுத்துவிட்டான் என்று கோபப்படுகிறோம். இணையத்தில் தயாராகக் கிடைக்கும் தலைப்பைக் கொடுத்தது நாம்தானே?

‘மழை’ என்று கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். ‘மழையில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டும்’ என்றால் நாற்பதும் வேறு வேறாக வரும். அது மட்டும் போதாது, யாருக்காக எழுதுகிறோம் என்பதும் தெரிய வேண்டும். அன்றைக்கு வகுப்புக்கு வராத தோழிக்கு நடந்ததைச் சொல்வதாக இருந்தால் எதை விடலாம், எதை விளக்க வேண்டும் என்ற யோசனை தானாக வரும். ஆசிரியர் ஒருவரே படிப்பார், அதுவும் பிழை தேடத்தான் படிப்பார் என்றால் அந்த யோசனைக்கு வேலையே இல்லை.

‘ஒரு பக்கத்துக்குக் குறையாமல்’ என்ற நிபந்தனையையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம். அது கற்றுத்தருவது பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதும் வித்தையை மட்டும்தான்.

வரையறை தெரியும், பயன்படுத்தத் தெரியாது

‘பெயரெச்சம் என்றால் என்ன?’ என்று கேளுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும். அதே பிள்ளையின் கட்டுரையில் இப்படி இருக்கும்: ‘நாய் குரைத்தது. தம்பி பயந்தான். அவன் கதவை மூடினான்.’ மூன்று வாக்கியத்திலும் பிழை இல்லை, ஓட்டமும் இல்லை. இதை ஒன்றாக்கச் சொல்லிப் பாருங்கள். ‘குரைத்த நாய்க்குப் பயந்து தம்பி கதவை மூடினான்.’ ‘குரைத்த’ பெயரெச்சம், ‘பயந்து’ வினையெச்சம். வேறு மாதிரியும் வரும்: ‘தம்பி கதவை ஏன் மூடினான்? நாய் குரைத்தது.’ எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று பத்து நிமிடம் சண்டை போட விடுங்கள். எச்சம் எதற்கு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரியும்.

இதற்கு ஆய்வுகளின் ஆதரவும் இருக்கிறது. ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள் 2007ல், நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுத்துப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியே பிரித்து நடத்தியதால் எழுத்தின் தரம் உயரவில்லை. வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி பலன் தந்தது. அதைவிடவும் அதிகப் பலன் தந்தது, திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது ஆகிய மூன்றையும் எப்படிச் செய்வது என்று படிப்படியாகக் காட்டியதுதான். இலக்கணமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அதைப் பிள்ளை எழுதிய வாக்கியத்தின் மேல் வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

பேச்சுத்தமிழ் விஷயமும் இங்கேதான் வருகிறது. நமக்குப் பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி ஒன்று. முதல் வரியிலிருந்தே எழுத்துத்தமிழில்தான் வர வேண்டும் என்று நெருக்கினால், பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: என்ன சொல்வது என்று தேடுகிறது, மொழியையும் மாற்றுகிறது. முதல் வரைவு எப்படி வந்தாலும் வரட்டும். அப்புறம் உட்கார்ந்து மாற்றலாம். மாற்றும்போதும் உரையாடலைத் தொட வேண்டாம். ‘எங்கடா போன?’ என்று அம்மா கேட்டதை ‘மகனே, நீ எங்கே சென்றாய்?’ என்று திருத்தினால் அம்மா காணாமல் போய்விடுவார்.

‘வர்ணனை சேர்’ என்பது நாம் அடிக்கடி எழுதும் இன்னொரு குறிப்பு. பிள்ளையும் சேர்க்கும்: அழகான, கண்ணைக் கவரும், மிக மிக இனிமையான. நாம் கேட்டது அதுவல்ல. ஆனால் நாம் சொன்னது அதுதான். ‘தாத்தா மிகவும் கோபமாக இருந்தார்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘அப்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?’ என்று கேள்வி எழுதிப் பாருங்கள். ‘செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்’ என்று பதில் வரலாம். அந்த வரியை நம்மால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நாம் எழுதுவதை அவர்கள் பார்த்ததே இல்லை

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். நீச்சல் சொல்லித்தருபவர் தண்ணீரில் இறங்குகிறார். எழுதச் சொல்லித்தருபவர் எழுதிக் காட்டுவதில்லை. பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் அச்சில் வந்த, முடிந்துபோன எழுத்து. அது ஒரே மூச்சில் அப்படியே வந்து விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தங்களுக்கு அப்படி வராததால் தங்களிடம்தான் குறை என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முன்கூட்டித் தயார் செய்யாமல் கரும்பலகையில் ஒரு பத்தி எழுதுங்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இந்த முதல் வரி சப்பென்று இருக்கிறது, அடித்துவிடுகிறேன். இதைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டுமோ? சரி, மேலே ஒரு வரி நுழைக்கிறேன்.’ முதல் தடவை கை நடுங்கும். எனக்கு நடுங்கியது. ‘சார், நீங்களும் அடிச்சு அடிச்சுத்தான் எழுதுவீங்களா?’ என்று ஒரு குரல் வந்தது. அடுத்த கட்டுரையில் அடித்தல் திருத்தல் நிறைய இருந்தது. நல்ல அறிகுறி.

அடித்தல் இல்லாத நோட்டுக்கு மதிப்பெண் கொடுப்பதும், ‘திருப்பி எழுது’ என்று சொல்லிச் சுத்தமான பிரதி ஒன்றை வாங்கி வைப்பதும் இதற்கு நேர் எதிரான வேலை. படி எடுப்பது கைக்கு வேலை. திருத்தி எழுதுவது மூளைக்கு வேலை. நூறு தடவை எழுது என்று தண்டனை கொடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளையே ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கவைப்பது நல்ல வழிதான். ஆனால் ‘கருத்துச் சொல்’ என்று விட்டுவிட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதோடு முடிந்துவிடும், அல்லது கேலியாகிவிடும். வேலையைக் குறுக்கிக் கொடுங்கள். குழம்பிய இடத்தில் ஒரு கேள்விக்குறி, இன்னும் கேட்க ஆசைப்படும் இடத்தில் ஒரு கோடு. வேறெதுவும் வேண்டாம்.

நாற்பது பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நோட்டுக் கட்டை வீட்டுக்குத் தூக்கிப் போவதை நிறுத்தினால் முடியும். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்து ‘என்ன சொல்லப் பார்க்கிறாய்?’ என்று மட்டும் கேட்க வேண்டும். பேனா அவர்கள் கையிலேயே இருக்கட்டும். எட்டு நாள் வகுப்பில் எல்லோரிடமும் ஒரு சுற்று வந்துவிடலாம்.