மலையில் பதுங்கியவரைப் பற்றி ஊகிப்பது எப்படி?

காவல்துறை சுற்றி வளைத்துத் தேடும் மலைக்குள் ஒருவர் மாதக்கணக்கில் அகப்படாமல் இருக்கிறார் என்றால், “எந்தக் குகையில் இருப்பார்?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஊகிக்க உட்காருபவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, “இன்று அவர் எதைச் சாப்பிட்டிருப்பார்?” என்று தொடங்குவது நல்லது. எரிக் ருடால்ஃப் வழக்கைக் கொண்டு இதைப் பழகிப் பார்க்கலாம். 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் குண்டு வைத்த இவர், 1998 ஜனவரி 29 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றிலும் குண்டு வெடிக்கச் செய்தபின், வட கரோலினாவின் நான்டஹாலா மலைக்காட்டுக்குள் தலைமறைவானார். பிடிபட்டது 2003 மே 31 அன்று.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதவற்றை மட்டும் தேதி வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ருடால்ஃபைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் மிகச் சிறியது: 1998 பிப்ரவரியில் அவருடைய வண்டி கைவிடப்பட்ட நிலையில் கிடைத்தது, ஜூலையில் தமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் வீட்டிலிருந்து ஏறத்தாழ 34 கிலோ உணவுப் பொருள்களையும் ஒரு பிக்கப் வண்டியையும் எடுத்துக்கொண்டு, ஐந்து நூறு டாலர் நோட்டுகளை விட்டுச் சென்றார். இந்த ஜூலை நிகழ்வில் நிதானமாக நின்று யோசிக்க வேண்டும். ஐந்தே மாதத்தில் கையிருப்பு கரைந்திருக்கிறது. கையில் பணம் இருந்தும் கடைக்குப் போக முடியவில்லை. அந்தக் கடைக்காரர் விஷயத்தைக் காவல்துறையிடம் சொல்லிவிட்டதால், தெரிந்தவர் வீட்டுக் கதவை மறுபடி தட்டும் துணிவு அவருக்கு இருந்திருக்காது. கடைசியாகச் சொன்னது என் ஊகம். உங்கள் குறிப்பிலும் ஊகத்தை இப்படித் தனியாக அடையாளமிட்டு வையுங்கள்.

நிலப்பரப்புக்கு அளவோடு இடம் கொடுத்தால் போதும். அப்பகுதிப் பழங்குடியினரின் செரோக்கி மொழியில் நான்டஹாலா என்றால் நண்பகல் வெயிலின் நிலம் என்று பொருள் சொல்வார்கள். பள்ளத்தாக்கின் அடிக்கு உச்சிப்பொழுதில்தான் வெயில் இறங்கும். இலை அடர்ந்த கோடையில் ஹெலிகாப்டரின் வெப்ப உணரிக் கருவிக்கும் அங்கே வேலை குறைவு. பதின்வயது முதல் அந்த மலையில் வளர்ந்தவர் ருடால்ஃப். இவை அனைத்தும் அவர் கண்ணில் படாததற்குக் காரணம் சொல்கின்றனவே தவிர, உயிரோடு இருந்ததற்குக் காரணம் சொல்லவில்லை.

ஆகவே வரைபடத்தில் உச்சியைத் தேடாமல், சாப்பாடு கிடைக்கும் இடங்களைக் குறித்து, இரவோடு இரவாக நடந்து திரும்பக்கூடிய தொலைவுக்கு வட்டம் போடுங்கள். ஓக் மரக் கொட்டைகளையும் பல்லி போன்ற சாலமாண்டர்களையும் தின்றதாகவும், தானியக் குதிரிலும் காய்கறித் தோட்டங்களிலும் திருடியதாகவும் ருடால்ஃப் பின்னாளில் சொன்னார். அவர் சிக்கிய இடம் மர்ஃபி என்னும் சிற்றூரில் ஒரு பல்பொருள் அங்காடியின் பின்புறம், விடியற்காலையில். நூற்றுக்கணக்கானோர் சலித்த மலையில் கிடைக்காதவரை, யாரோ திருடன் என்று நினைத்து வளைத்தவர் வழக்கமான ரோந்தில் இருந்த 21 வயதுக் காவலர்.

உள்ளூர் உதவி பற்றிய ஊகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிடிபட்டபோது அவர் ஓரளவு சுத்தமாக இருந்தார். ஊரில் அவருக்கு ஆதரவான வாசகத்தோடு சட்டைகள்கூட விற்றன. அதனால் யாரோ சோறு போட்டிருப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது. சட்டை வாங்கியவர் சோறும் போட்டிருப்பார் என்பதற்கு அது சான்றாகாது. தனியாகவே சமாளித்ததாக அவர் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உதவியவரைக் காட்டிக்கொடுக்க விரும்பாதவரும் அதையேதான் சொல்வார்.

முடிவுக்கு வருமுன் வேறொரு வழக்கோடு உரசிப் பாருங்கள். வீரப்பனிடம் கூட்டாளிகள் இருந்தார்கள், மலையடிக் கிராமங்களில் ஆட்களும் இருந்தார்கள். அரிசி பருப்பு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே உணவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அவர் ஏறி வந்தது, கண் சிகிச்சைக்குப் போவதாக நம்பி, அதிரடிப்படை ஏற்பாடு செய்திருந்த ஆம்புலன்ஸில். உங்கள் பட்டியலில் உணவுக்கு அடுத்த வரியில் மருந்து என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.